அரிசோனால ஹார்வெஸ்டர் எறும்புக் காலனி தேடுறது எப்படி: வீட்ல பெரிய ஆன்ட் ஃபார்ம் வைக்க ஆசைப்படறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், மண்வெட்டிய கராஜ்லயே வச்சுட்டு வாங்க. பெரிய ஆன்ட் ஃபார்ம், அதாவது எறும்புக் காலனி வளக்கற தொட்டி, வைக்கணும்னு நெனைக்கறவங்கள்ல முக்காவாசி பேர் நல்ல பெரிய புத்தா பாத்து தோண்டி ராணியோட அள்ளிட்டு வந்துடலாம்னுதான் ப்ளான் போடறாங்க. விதை பொறுக்கி சேத்து வைக்கற ஹார்வெஸ்டர் எறும்புகிட்ட அது நடக்காது. வளர்ந்த காலனில பத்தாயிரம் வொர்க்கர் வரைக்கும் இருக்கும், புத்து ஆறடிக்கும் கீழ இறங்கும், ராணி அடியில எங்கயோ இருப்பா, போதாக்குறைக்கு நம்ம பக்கம் மண்ணுக்கடியில கலீச்சினு சுண்ணாம்பு இறுகுன அடுக்கு ஒண்ணு இருக்கே, அதுல கடப்பாறையே எகிறிட்டு வரும். நீங்க ரெண்டடி போறதுக்குள்ள மேல் அறையெல்லாம் இடிஞ்சு பாதி எறும்பு நசுங்கி மீதி உங்க பேன்ட்டுக்குள்ள ஏறியிருக்கும். ராணி செத்தா அந்த காலனி இன்னொரு ராணிய உண்டாக்கிக்காது, இருக்கற வொர்க்கர் சாகறவரைக்கும்தான். இருபது வருஷத்துக்கு மேல வாழக்கூடிய காலனி அது.

அப்புறம் எதுக்கு காலனி தேடணும்னா, மழை பெஞ்சதும் புது ராணிங்க எங்க வந்து இறங்கும்னு தெரிஞ்சுக்கறதுக்கு. அந்த ராணிங்கள பிடிச்சுட்டு வந்துதான் வீட்ல காலனி வளக்கணும். காலனி நெருக்கமா இருக்கற இடத்த மே, ஜூன்லயே பாத்து மேப்ல குறிச்சு வச்சுக்கிட்டீங்கன்னா ஜூலைல மான்சூன் வந்ததும் அலைய வேண்டாம், நேரா அங்க போய் நிக்கலாம்.

தேடுறது அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஃபீனிக்ஸ், சான்ட்லர் சுத்தி அதிகம் பாக்கறது போகோனோமிர்மெக்ஸ் ருகோசஸ். டூசான் தாண்டி தென்கிழக்கு பக்கமும் டெக்சஸ்லயும் பார்பேடஸ்னு செவப்பு ஒண்ணு. ரெண்டும் புத்து வாசல சுத்தி பல அடி அகலத்துக்கு ஒரு புல்லு கூட முளைக்க விடாம மொட்டையா வச்சிருக்கும். வட்டமா, தட்டையா, சின்ன சரளைக்கல்லு பரவி கெடக்கும், ஓரத்துல உமி மாதிரி விதைத்தோல் குவிஞ்சிருக்கும். அந்த உமிக்குப்பைதான் பெரிய அடையாளம், ஏன்னா மொட்டைத்தரை பாலைவனத்துல எங்கயும் இருக்கும், ஆனா புல்லு விதையோட தோலை உரிச்சு வெளிய கொண்டு வந்து கொட்டுற எறும்பு எல்லாம் கெடையாது. ஃப்ளாக்ஸ்டாஃப் தாண்டி யூட்டா, கொலராடோ பக்கம் போனீங்கன்னா ஆக்சிடென்டாலிஸ்னு இன்னொண்ணு, அது சரளைக்கல்ல கூம்பு மாதிரி குவிச்சு வைக்கும், வாசல் பெரும்பாலும் தென்கிழக்கு பாத்து இருக்கும், காலை வெயில் அங்கதான் முதல்ல படும். மணல் வாஷ், அதாவது மழை பெஞ்சா மட்டும் தண்ணி ஓடுற காஞ்ச ஓடை, ஓரத்துல சின்னதா விசிறி மாதிரி மணல் தள்ளி வச்சிருந்தா கலிஃபோர்னிகஸா இருக்கலாம்.

கூகுள் எர்த்ல ஸாட்டிலைட் வ்யூ போட்டு நல்லா ஸூம் பண்ணி பாருங்க, செடிங்களுக்கு நடுவுல வெளிறின புள்ளி புள்ளியா ஓரளவு சம இடைவெளில தெரிஞ்சா அது ஹார்வெஸ்டர் வட்டமா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. ஆராய்ச்சி பண்றவங்களே இப்படி எண்ணியிருக்காங்க. ஏசில உக்காந்துட்டே பாதி வேலை முடிஞ்சுடும்.

நேர்ல போறதா இருந்தா கோடைல காலைல சீக்கிரம் போங்க, மத்தியானம் தரை கொதிக்கறப்ப எல்லாம் உள்ள போயிடும், நீங்க காலி புத்துன்னு நெனச்சு திரும்பிடுவீங்க. காலைல முதல்ல கொஞ்ச பேர் மட்டும் வெளிய வந்து வட்டத்தையும் ட்ரெயிலையும் சுத்திப் பாக்கும், அதுங்க பத்திரமா திரும்பி வந்தப்புறம்தான் விதை பொறுக்கற கூட்டம் கெளம்பும். ஸ்டான்ஃபோர்ட்ல டெபோரா கார்டன்னு ஒருத்தங்க அரிசோனா, நியூ மெக்ஸிகோ எல்லைல 1985ல இருந்து வருஷா வருஷம் இதே காலனிங்கள பாத்துட்டு வராங்க, இந்த பேட்ரோல் விஷயம் அவங்க வேலைல இருந்து தெரிஞ்சதுதான். அதனால காலைல வாசல்கிட்ட போய் நின்னு மிதிச்சு கலாட்டா பண்ணாதீங்க, அன்னிக்கு கூட்டமே வெளிய வராம போயிடும்.

புத்து கண்ணுல படலேன்னா எறும்பு பின்னாடி போங்க. இந்தியன் ஸ்டோர்ல வாங்குன தினை ஒரு பிடி எடுத்துட்டு போய் திறந்தவெளில தூவிட்டு தள்ளி நில்லுங்க. முதல்ல ஒண்ணு வரும், தினைய தாடைல கவ்வி, ரெண்டு தடவ திருப்பிப் பாத்து, பிடி சரியா இருக்கானு பாத்துட்டு தூக்கிட்டு கெளம்பும். காலி வாயோட போற எறும்பு சுத்தி சுத்தி வளைஞ்சு போகும், விதை தூக்குனது மட்டும் கிட்டத்தட்ட நேர்கோட்டுல வீட்டுக்கு போகும். அத விடாம பாலோ பண்ணுங்க, அம்பது அறுபது அடி கூட கூட்டிட்டு போகும். கொம்பு ஓணான் ஒண்ணு தரையோட தரையா ஒட்டிக்கிட்டு ஒரே எடத்துல உக்காந்திருந்தா பக்கத்துல ட்ரெயில் இருக்குதுன்னு அர்த்தம், அதுக்கு மெயின் சாப்பாடே இந்த எறும்புதான்.

கொழப்பற ஆளுங்களும் உண்டு. மின்னுற கருப்பா நீளமான ஊர்வலமா போனா அது வெரோமெஸ்ஸார், அதுவும் விதை எறும்புதான், ஆன்ட் ஃபார்முக்கு அருமையான எறும்பு, ஆனா அதோட ராணிங்க மான்சூன்ல பறக்காது, குளிர் முடியற நேரத்துல பறக்கும். முதுகுல முள்ளு முள்ளா இருந்து வாசல சுத்தி மண்ண கிண்ணம் மாதிரி ஒசத்தி கட்டி இலைத்துண்டு தூக்கிட்டு போனா அது இலைவெட்டி எறும்பு. அந்த ராணிய தெரியாம பிடிச்சுட்டு வந்தா விதை போட்டு வளக்க முடியாது, அதுக்கு பூஞ்சைத் தோட்டம் வேணும். டெக்சஸ்ல இருக்கறவங்க ஃபயர் ஆன்ட் மேட்ட பாத்து ஏமாறாதீங்க, அந்த மண் மேட்டுக்கு நடுவுல வாசலே தெரியாது. சந்தேகமா இருந்தா தலைய உத்துப் பாருங்க, போகோனோமிர்மெக்ஸுக்கு, அதாவது நாம தேடுற ஹார்வெஸ்டர் வகைக்கு, தலை பெருசா சதுரமா இருக்கும், தாடைக்குக் கீழ நீளமான முடி கத்தையா தாடி மாதிரி தொங்கும், மண்ணு சுமக்க அதுதான் கூடை.

கொட்டுறத பத்தி சொல்லாம இருக்க முடியாது. மாரிகோப்பான்னு ஒரு ஹார்வெஸ்டர், ஃபீனிக்ஸ் இருக்கற நம்ம கவுன்ட்டி பேர்லயே இருக்கு, அதோட விஷம் இதுவரைக்கும் அளந்து பாத்த பூச்சி விஷத்துலயே ரொம்ப வீரியமானதுகள்ல ஒண்ணு. மத்ததும் லேசுப்பட்டது இல்ல. கொட்டுன இடத்துல முதல்ல சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதானான்னு நெனப்பீங்க, கொஞ்ச நேரம் கழிச்சுதான் உள்ளுக்குள்ள பிசையற மாதிரி வலி ஏறும். அந்த இடத்த சுத்தி மட்டும் வேர்த்து ஈரமாகும், முடியெல்லாம் குத்திட்டு நிக்கும், மணிக்கணக்கா விடாது. மூடுன ஷூ, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, கொழந்தைங்கள வட்டத்துக்குள்ள விடாதீங்க, தேனீ குளவி அலர்ஜி இருக்கறவங்க இந்த ஹாபியே வேணாம்னு சொல்லுவேன். புதர் ஓரம் கை விடறதுக்கு முன்னாடி பாம்பு இருக்கானு பாருங்க, மழை நாள்ல வாஷ்குள்ள இறங்கி நிக்காதீங்க.

எங்க வேணா பிடிக்கலாமான்னா இல்ல. நேஷனல் பார்க், ஸ்டேட் பார்க்ல ஒரு எறும்பு கூட எடுக்கக்கூடாது. அரிசோனால ஸ்டேட் ட்ரஸ்ட் லேண்ட்ல கால் வைக்கறதுக்கே பெர்மிட் வேணும். தெரிஞ்சவங்க நெலம், அனுமதி கேட்டுட்டு காலி ப்ளாட், இல்லேன்னா உங்க வீட்டு பேக்யார்டே போதும். பிடிச்சத ஸ்டேட் தாண்டி கொண்டு போறதுக்கு விவசாயத்துறை பெர்மிட் வேணும், ஆன்லைன்ல வேற ஸ்டேட்ல இருந்து ராணி அனுப்பறேன்னு சொல்றவன் அந்த பெர்மிட் இல்லாமதான் அனுப்பறான்னு வச்சுக்கோங்க. 1956ல வந்த பிளாஸ்டிக் ஆன்ட் ஃபார்முக்கு தபால்ல வெறும் வொர்க்கர மட்டும் அனுப்புனாங்களே, ராணி கெடைக்காதே, அதுவும் இதே மாதிரி சட்டச் சிக்கலாலதான்.

சரி, மான்சூன் சீசன்னு ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் கணக்கு வச்சிருக்காங்க. தரை நல்லா நனையற மாதிரி முதல் பெரிய மழை ஒண்ணு பெஞ்சுச்சுன்னா அன்னிக்கோ மறுநாளோ நீங்க குறிச்சு வச்ச இடத்துக்கு மதியத்துக்கு மேல போங்க. புத்து வாசல்ல வொர்க்கர் எல்லாம் வேலைய விட்டுட்டு பரபரன்னு சுத்திட்டு இருக்கும், நடுவுல றெக்கையோட பெருசா ராணிங்க, சின்னத்தலையோட ஆண் எறும்புங்க. இதுதான் பொறுமையா இருக்கற நேரம். வாசல்லயே றெக்கையோட நிக்கற ராணிய பிடிச்சா அது இன்னும் ஆணோட சேரல, முட்டை போட்டாலும் வொர்க்கர் வராது. பறந்து போய் மேட்டுலயோ மரத்துகிட்டயோ திறந்த தரையிலயோ கூட்டமா சேர்ந்து முடிச்சுட்டு எறங்கி, கால வச்சு றெக்கைய தானே ஒடிச்சு போட்டுட்டு குழி தோண்ட எடம் தேடி தனியா நடக்கும் பாருங்க, அதத்தான் எடுக்கணும். றெக்கை இல்லாம, முதுகு தடிச்சு, ரெண்டு பக்கமும் றெக்கை ஒடிஞ்ச தழும்போட இருக்கும். காலி பார்க்கிங் லாட், சைட்வாக், புதுசா ரோடு போட்ட எடம் இங்கெல்லாம் ஈசியா கண்ணுல படும். ஸ்விம்மிங் பூல்லயும் மிதக்கும், அதுல றெக்கை இருக்கறத எடுத்து வெளிய விட்டுடுங்க.

ஒரே ஒரு ராணியோட திரும்பி வராதீங்க, நாலஞ்சாவது எடுங்க. சாதாரணமாவே கொஞ்சம் செத்துப்போகும்ங்கறது ஒரு பக்கம், இந்த பகுதில ருகோசஸ், பார்பேடஸ்ல சில எடத்துல ஒரு விசித்திரம் இருக்கு. ஒரே மாதிரி தெரியற எறும்புங்களுக்குள்ள ரெண்டு மரபு வரிசை கலந்து இருக்கும், சொந்த வரிசை ஆணோட சேர்ந்தா அடுத்த ராணிதான் பொறக்கும், எதிர் வரிசையோட சேர்ந்தாதான் வொர்க்கர் பொறக்கும். சொந்த வரிசையோட மட்டும் சேர்ந்த ராணி எவ்ளோ நல்லா பாத்துக்கிட்டாலும் காலனி ஆகாது, பாத்து கண்டுபிடிக்கவும் முடியாது. ஒவ்வொண்ணையும் தனித்தனி டெஸ்ட் ட்யூப்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, பஞ்சு அடைப்பு, இருட்டு, வெதுவெதுப்பு, அவ்ளோதான். ருகோசஸ், பார்பேடஸ் ராணி முதல் வொர்க்கர் வர்ற வரைக்கும் சாப்பிடாது, கலிஃபோர்னிகஸ் மட்டும் வெளிய போய் தேடி சாப்பிடற ஜாதி, அதுக்கு விதை வைக்கணும்.

பசங்க ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு உடனே வேணும்னா வொர்க்கர மட்டும் எடுக்கலாம். ட்ரெயில் ஓரமா ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டில கழுத்து வரைக்கும் பொதைச்சு வைங்க, ஹார்வெஸ்டருக்கு வழவழப்பான கண்ணாடில ஏற வராது, தானா விழும். எல்லாம் ஒரே காலனில இருந்து எடுக்கணும், ரெண்டு காலனிய ஒண்ணா போட்டா கடிச்சு கொன்னுக்கும். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, வெளிய விதை பொறுக்கறது எல்லாம் வயசான எறும்பு, அதுக்கு சில வாரம்தான் மிச்சம். பசங்ககிட்ட அத முன்னாடியே சொல்லிடுங்க.

ஊர்ல இருக்கறவங்க நம்ம பக்கம் கெடைக்குமான்னு கேப்பீங்க. தரிசு நெலத்துலயும் கம்பு, கேழ்வரகு காட்டு வரப்புலயும் வாசல சுத்தி உமி வட்டம் போட்டு வைக்கற எறும்பு இருக்கே, ட்ரைகோமிர்மெக்ஸ், அதுவும் விதை எறும்புதான். 1851லயே ஜெர்டன்னு ஒரு டாக்டர் தென்னிந்திய எறும்புங்கள பத்தி மெட்ராஸ் ஜர்னல்ல எழுதிட்டாரு. தேடுற முறை ஒண்ணுதான், உமியப் பாரு, விதை தூக்கற எறும்பு பின்னாடி போ. இங்க இருந்து யாரும் ஊருக்கு எறும்பு எடுத்துட்டு போற வேலை வச்சுக்காதீங்க.

கடைசியா தொட்டி. ஆசையா பெரிய அக்வேரியம் வாங்கி வச்சிருப்பீங்க, அதுல ஒத்த ராணிய எடுத்த உடனே விட்டுடாதீங்க, அம்பது நூறு வொர்க்கர் வர்ற வரைக்கும் ட்யூப்ல, சின்ன டப்பால இருக்கட்டும். சாப்பாட்டுக்கு கசகசா, தினை, எள்ளு தாராளம், எறும்போட குட்டிப் புழு வளர புரோட்டீனுக்கு அப்பப்ப ஒரு சின்ன பூச்சி. தோட்டத்துக்குன்னு விக்கற விதை பாக்கெட்ட மட்டும் போடாதீங்க, அதுல பூச்சிமருந்து தடவியிருக்கலாம், அப்படி இருந்தா எல்லாம் காலி.