வீட்டிலேயே பலகை விளையாட்டு செய்கிறீர்களா? சொதப்புகிற இடங்கள் இவைதான்

முழுப்பரீட்சை லீவு விட்டதும், பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாராவது ஒருவர் சார்ட் பேப்பரை விரித்துப் பரமபதம் வரைய ஆரம்பித்துவிடுவார்கள். பாம்புக்குச் செதில் செதிலாக வண்ணம் தீட்டி, ஏணிக்கு ஓரம் போட்டு, மேலே பளபளவென்று செல்லோடேப் ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆகும். ஆடுவது ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் அது பரணில் கிடக்கும். கேட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது, எல்லாம் செல்போன் படுத்தும் பாடு" என்பார்கள். பெரும்பாலும் பிள்ளைகள்மேல் தப்பில்லை. அந்தப் பலகை ஆடும்படி இல்லை, அவ்வளவுதான்.

ஆடிப் பார்க்கும் முன்னாலேயே அழகுபடுத்திவிடுகிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. நம் திருநெல்வேலிப் பக்கத்துத் திண்ணைகளில் தாயக்கட்டம் சாக்பீசிலோ கரித்துண்டிலோதான் போட்டிருக்கும். கோணலாகிவிட்டால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, வேறு கட்டம். ஸ்கெட்ச் பேனாவால் செதில் வரைந்த பாம்பை அழிக்க யாருக்கு மனசு வரும்? அதனால் முதலில் சிமெண்ட் தரையில் சாக்பீசால் கட்டம் போடுங்கள். ஏணிக்குத் தென்னை ஈர்க்கு, பாம்புக்குச் சணல் கயிறு. அப்படியே இரண்டு மூன்று ஆட்டம் ஆடுங்கள். எங்கே இழுவையாக இருக்கிறது, எங்கே சண்டை வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஈர்க்கை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாம் சரியாக அமைந்த பிறகு சார்ட்டுக்கு மாற்றினால் போதும்.

பாம்பை எங்கே வைப்பது?

எண் எழுதும்போதே பிசகு தொடங்கிவிடும். கீழ் வரிசையில் 1 முதல் 10 வரை இடமிருந்து வலமாகப் போனால், 11 அதே வலது ஓரத்தில் 10-க்கு நேர் மேலே வரவேண்டும். அங்கிருந்து எண்கள் திரும்பி, 20 இடது ஓரத்தில் முடியும். ஒவ்வொரு வரிசையையும் இடது ஓரத்திலிருந்தே எழுதினால், 10-ல் நிற்கிற காய் பலகையின் மறுகோடிக்குத் தாவவேண்டி வரும். சின்னப் பிள்ளைகள் எண்ணுவதில் தடுமாறுவது அங்கேதான்.

பாம்பின் தலையும் ஏணியின் அடியும் ஒரே கட்டத்தில் விழக் கூடாது. ஏணியின் உச்சியில் பாம்புத் தலை இருந்தாலும் வம்புதான். ஏறியவர் உடனே இறங்கவேண்டுமா, அடுத்த தடவை வரை நிற்கலாமா என்று ஆளுக்கு ஒரு நியாயம் பேசுவார்கள்.

கடைசி வரிசையில் பரபரப்பு வேண்டும் என்று சிலர் பாம்புகளை வரிசையாக அடுக்குகிறார்கள். 93 முதல் 98 வரை ஆறு கட்டத்திலும் பாம்புத் தலை வைத்துவிட்டால், ஒற்றைப் பகடையில் ஆடும் யாரும் அந்த வேலியைத் தாண்ட முடியாது. 92-ல் நின்று ஆறு போட்டாலும் 98-ல்தானே விழும்! அந்த வேலிக்கு மேலே போகும் ஏணி ஒன்று இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஆட்டம் முடியவே முடியாது. இவ்வளவு மோசமாக யாரும் செய்வதில்லை. ஆனால் அந்த வரிசையில் மூன்று நான்கு பாம்பு நெளிகிற பலகைகளைப் பார்க்கலாம். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு.

சரியாக 100-ல் விழுந்தால்தான் பழம் என்ற விதியையும் யோசித்து வையுங்கள். 99-ல் நிற்பவருக்கு ஒன்று விழ ஆறில் ஒரு வாய்ப்பு. சராசரியாக ஆறு தடவை காத்திருக்க வேண்டும். நான்கு பேர் ஆடினால் அதற்குள் இருபது உருட்டலுக்கு மேல் ஓடிவிடும். பெரியவர்களுக்கு அந்த இழுபறிதான் சுவை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை. இன்னொரு கணக்கும் உண்டு: பகடையின் சராசரி மூன்றரை. பாம்பும் ஏணியும் இல்லாமல் நடந்தாலே 100 கட்டத்தைக் கடக்க ஒருவர் 29 தடவை போல உருட்டவேண்டும். சின்னவர்களுக்கு 50 கட்டமே தாராளம்.

பகடை, தாயக்கட்டை, புளியங்கொட்டை

சார்ட் பேப்பரை மடித்து ஒட்டும் பகடை பார்க்க நன்றாக இருக்கும், நியாயமாக விழாது. ஒட்டுவதற்கு விட்ட மடிப்பு இரண்டு மூன்று அடுக்காகச் சேர்ந்த பக்கம் கனத்துவிடும். நாலு தடவை உருட்டினால் முனையும் நசுங்கும். செய்து முடித்ததும் 60 தடவை உருட்டிக் கோடு போட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணும் பத்தையொட்டி வரவேண்டும். ஏதாவது ஒன்று இருபதுக்குப் போனால் அந்தப் பகடையைத் தூரப் போடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டு ஏழாக இருக்கும்படி எழுதுவது, அதாவது 1-க்கு எதிரே 6, 2-க்கு எதிரே 5, 3-க்கு எதிரே 4, வெறும் சம்பிரதாயம் இல்லை. பகடை கொஞ்சம் சப்பையாகி 1-ம் 6-ம் அதிகமாக விழுந்தாலும் சராசரி மூன்றரையிலேயே நிற்கும்.

தாயத்துக்கு ஆறுமுகப் பகடையைப் பயன்படுத்துவது அடுத்த தவறு. 1, 2, 3, வெறுமை என்று நான்கு முகம் கொண்ட பித்தளைக் கட்டை இரண்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, அதில் 2 விதத்தில் வரும். எட்டில் ஒரு பங்கு. மூன்று 4 விதத்தில் வரும், அதுதான் அதிகம். ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் தலைக்கு ஒரே ஒரு விதம். ஒற்றைப் பகடையிலோ எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. பன்னிரண்டு விழவே விழாது. தாயம் போட்டுக் காய் இறக்கக் காத்திருக்கும் தவிப்பும், பன்னிரண்டு விழுந்ததும் எழும் கூச்சலும் இல்லாமல் தாயம் எதற்கு?

கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டை இருக்கும். ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் தேய்த்து வெள்ளை தெரியச் செய்தால் ஆயிற்று. ஆனால் அவசரமாக அரைகுறையாகத் தேய்த்த கொட்டை சரிந்து உருண்டு, எந்தப் பக்கம் விழுந்தது என்றே தெரியாமல் நிற்கும். வெள்ளைப் பக்கம் தட்டையாகும்வரை தேய்க்கவேண்டும். குண்டும் ஒல்லியுமாகக் கலக்காமல் ஒரே அளவில் ஆறு கொட்டை பொறுக்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே இருபது தடவை போட்டுப் பாருங்கள். எப்போது பார்த்தாலும் கறுப்பே காட்டுகிற கொட்டையை மாற்றுங்கள். கோரைப்பாயின் மேல் உருட்டாதீர்கள். பின்னல் மேட்டில் பகடையும் கோணி நிற்கும், கொட்டையும் கோணி நிற்கும். அப்புறம் "ஏல, அது தாயம் இல்ல, சாஞ்சு கிடக்கு" என்று தொடங்கிவிடும்.

அட்டை

இதில் இரண்டு விஷயம்தான் முக்கியம். முதலாவது, வளைவு. பசையின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரியும். காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டிய அட்டை மறுநாள் வளைந்து நிற்பது இதனால்தான். பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாளை ஒட்டி, ஈரம் காயும்வரை மேலே கனமாக எதையாவது ஏற்றி வைத்தால் இரண்டு இழுப்பும் சமனாகிவிடும். இது தெரியாமல் ஃபெவிகால் சரியில்லை என்று திட்டுபவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, எந்த அட்டை என்பது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு காலி அல்வாப் பெட்டி கிடக்கும். கைக்கு வாகான அளவும்கூட. ஆனால் நெய் ஊறிய அட்டையில் பசை பிடிக்காது; இன்று ஒட்டினால் நாளைக்கு அப்படியே உரிந்து வரும். போதாததற்கு எறும்பு வேறு. ஜவுளிக்கடைப் பெட்டி எவ்வளவோ மேல். கல்யாணப் பத்திரிகை அட்டை, சீட்டு வெட்டுவதற்கு நல்ல கனம். வழவழப்பான பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா நிற்காது என்பதால் மறுபக்கத்தில் எழுதுங்கள்.

மைதாப் பசை மலிவுதான், கரப்பானுக்கும் அது பிடிக்கும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம். பிள்ளைகள் கைபட்டு வாய்க்குப் போகும் பொருளில் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நாட்களிலும் ஸ்கெட்ச் பேனா மை சீக்கிரம் ஊறிப் பரவும். பலகையை நன்றாகக் காயவிட்டு, அகலமான செல்லோடேப்பை ஓரம் மேவி ஒட்டிவிடுங்கள்.

காய்கள்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பணகுடி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டிருப்பது சும்மாவா? அந்தக் காற்றில் காகிதத்தில் வெட்டிய காய்களோடு திண்ணையில் உட்கார்ந்தால் ஆட்டத்தை விடத் தேடுவதுதான் அதிகமாக இருக்கும். பொத்தான், கூழாங்கல், கலர் பாட்டில் மூடி என்று கனமாக எதையாவது எடுங்கள். தகர மூடியென்றால் விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டத்தை வரைந்த பிறகு காய் தேடுவதால் வரும் கஷ்டம் ஒன்று உண்டு. ஏ4 தாளில் பத்துக்குப் பத்து போட்டால் ஒரு கட்டம் 2 சென்டிமீட்டர்தான். ஒரு ரூபாய் நாணயம் வைத்தாலே கட்டம் நிறைந்துவிடும். நாலு பேர் காயும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் எது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாது. கட்டத்துக்கு 4 சென்டிமீட்டர் விட்டால் பலகை 40 சென்டிமீட்டர் வரும். ஒரு முழு சார்ட்டில் அது தாராளமாக அடங்கும்.

சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பார்வை சிலருக்கு உண்டு, ஆண்பிள்ளைகளிடம் அது அதிகம். ஒருவருக்குப் பொத்தான், ஒருவருக்குக் கல் என்று உருவத்திலும் வேறுபாடு வையுங்கள். குன்றிமணியை மட்டும் தொடாதீர்கள். கறுப்பும் சிவப்புமாக அழகாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது கடும் விஷம், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டில் அதுவும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆடுபுலிக்கு ஒரு எச்சரிக்கை

மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் பலகையில் 23 புள்ளிகள் இருக்கவேண்டும். உச்சியில் ஒன்று, அங்கிருந்து நான்கு கோடு கீழே இறங்கும், அவற்றை மூன்று கிடைக்கோடுகள் வெட்டி இருபுறமும் வெளியே நீளும். ஒரு கிடைக்கோட்டில் 6 புள்ளி, மூன்றுக்கும் சேர்த்து 18, அடியில் 4. நினைவிலிருந்து வரைபவர்கள் கிடைக்கோட்டின் இரண்டு முனைகளையும் விட்டுவிடுகிறார்கள். புலிக்குப் பக்கவாட்டில் தாவ இடம் போய்விடும், ஆடு சுலபமாக மடக்கிவிடும். வரைந்து முடித்ததும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். அடிக்கோலால் நேராக வரைவதும் முக்கியம். ஆட்டைத் தாண்டிக் குதிக்கும் புலி ஒரே நேர்க்கோட்டில் போகவேண்டும் என்பதால், வளைந்த கோட்டில் சண்டை நிச்சயம்.

ஊர்ப் பெயரை ஒட்டினால் போதுமா?

சொந்தமாக ஒரு ஆட்டம் யோசிப்பவர்கள் பெரும்பாலும் பரமபதத்தையே எடுத்து, கட்டங்களில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். "பாபநாசம், இரண்டு கட்டம் முன்னே போ" என்பதில் பாபநாசத்துக்கு என்ன வேலை? அந்த இடத்தில் வேறு எந்த ஊர் இருந்தாலும் ஆட்டம் மாறாது.

தாமிரபரணியை வைத்தே யோசித்துப் பாருங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டு. நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு என்று குலுக்கிப் போட்டுவிடுங்கள். சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்டி, 10-ஓடு அந்த எண்ணைக் கூட்டி, அத்தனை நீலப் பொத்தானை ஆற்றின் மேல்முனையில் வையுங்கள். அதுதான் அந்தப் பருவத்துத் தண்ணீர். மேலணைக்காரர் தொடங்கி வரிசையாக ஒவ்வொருவரும் தம் கால்வாய்க்கு மூன்று வரை எடுக்கலாம். எடுத்த பொத்தான் எல்லாம் மதிப்பெண். ஆனால் ஏதாவது ஒரு கால்வாய்க்கு ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் அந்தச் சுற்றில் எல்லாருக்கும் பூஜ்யம். இப்போது கோடைமேலழகியானில் இருப்பவர் கடைமடையை எண்ணிப் பார்த்துத்தான் கை வைப்பார், ஸ்ரீவைகுண்டத்துக்காரர் "கொஞ்சம் விடுங்கண்ணே" என்று பேரம் பேசுவார். கார் என்ற முதல் நெல் பருவத்துக்கு இந்தக் கணக்கு. அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு மழைத் தண்ணீர் சேரும் என்பதால் 10-க்குப் பதில் 14 வைத்துக்கொள்ளலாம். அணைக்கட்டுகளின் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மேலே எது, கீழே எது என்பதில்தான் இந்த ஆட்டமே இருக்கிறது.

விதியை எழுதாமல் விடுவது

பகடை பலகையை விட்டு வெளியே விழுந்தால் திரும்பப் போடவேண்டுமா? மூன்று தடவை தொடர்ந்து ஆறு விழுந்தால் கணக்கில் உண்டா, கழிவா? ஒரே கட்டத்தில் இரண்டு பேர் நிற்கலாமா, வெட்டா? நடுவில் ஒருவர் சாப்பிடப் போய்விட்டால்? தெருவுக்குத் தெரு இதற்கெல்லாம் வழக்கம் வேறு. அம்பாசமுத்திரத்து அத்தை பிள்ளைகளும் நாங்குநேரிச் சித்தப்பா பிள்ளைகளும் ஒரே கூடத்தில் சேர்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே இது வெளிச்சமாகிவிடும். பலகையின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அங்கே எழுதிவிடுங்கள். எழுதியதை ஆட்டம் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். படித்துவிட்டு அந்தப் பிள்ளை என்னென்ன கேட்கிறதோ, அதெல்லாம் எழுதாமல் விட்ட விதி. சேர்த்துக்கொண்டு, அப்புறம் செல்லோடேப்பை ஒட்டுங்கள்.