காலையில் அரை மணி நடந்தால் மட்டும் போதாது

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பல வருடமாக நடக்கிறேன். ஜனவரி பிறந்தால் புது முகங்கள் நிறைய வரும். நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. பொருந்தாத செருப்பு, நடந்து முடித்ததும் வடை போன்றவை தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அதான் காலையிலேயே நடந்துட்டேனே"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஐந்து வருடம் நானும் இதைத்தான் சொன்னேன். விடிந்ததும் 30 நிமிட நடை. அப்புறம் ஸ்கூட்டர், லிஃப்ட், கணக்குப் பிரிவில் ஒன்பது மணி நேரம் நாற்காலி, வீட்டுக்கு வந்தால் சோபா. ஒருமுறை மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.3 என்று வந்தது. நீரிழிவுக்கு 0.2 தான் பாக்கி. தினமும் நடக்கிற எனக்கா என்று வேறு இடத்தில் ரத்தம் கொடுத்தேன். அங்கும் 6.3.

சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். உடம்பிலேயே பெரிய தசைகள் இடுப்பிலும் தொடையிலும் இருக்கின்றன. நாற்காலியில் அவை சும்மா கிடந்தால், மதியம் சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை ரத்தத்திலேயே வெகுநேரம் சுற்றும்.

1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினார்கள், அவ்வளவுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை அலசிய 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்களுக்கு அதன் கேடு நீங்கத் தினமும் 60 முதல் 75 நிமிட உழைப்பு வேண்டும் என்கிறது. நான் நடந்தது அதில் பாதி, அதுவும் பேசிக்கொண்டே.

இப்போது அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவேன். போன் வந்தால் நின்றுதான் பேச்சு. மதியம் சாப்பிட்டதும் 10 நிமிடம் அலுவலக வராந்தாவில் நடை. ஆறு மாதத்தில் 5.8 ஆனது. சோற்றையும் குறைத்திருந்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

முதல் வாரமே ஓடுவது

குதிகால் வலி வந்து மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும்.

நடை மட்டும்

வாரம் 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி என்று சொன்னதை மறந்துவிடுகிறோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், தொடக்கத்துக்கு அது போதும்.

மழை

ஹாலில் நடக்கலாம்.

நெஞ்சில் அழுத்தம்

வாயு என்று நினைத்து நடையைத் தொடராதீர்கள். அப்படியே உட்கார்ந்து 108ஐக் கூப்பிடுங்கள்.