வட்ட வீட்டை விற்கப் போகிறீர்களா?

வட்டமாகக் கட்டிய வீடு, பழைய கிடங்கை மாற்றிய வீடு, இந்த மாதிரி வித்தியாசமான வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் நிறைய, வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். பாதிப் பேர் செல்ஃபி எடுக்கத்தான் வருவார்கள். வாங்க நினைக்கிறவரும் வளைந்த சுவரைத் தடவிப் பார்த்து 'அருமை' என்பார், அடுத்த நிமிடமே 'பீரோவை எங்கே வைப்பது?' என்று கேட்பார்; அதனால் கட்டில், பீரோ எல்லாம் போட்ட நிலையிலேயே போட்டோ எடுத்து, அளவு குறித்த வரைபடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பெரிய சிக்கல், வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடு எதுவும் விற்றிருக்காது என்பதால் வங்கி மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்தே போடக்கூடும். கட்டட அனுமதி, மாற்றிக் கட்டியதற்கான ஒப்புதல், இன்ஜினியர் அறிக்கை எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அப்புறம், முதல் மாதமே பதறி விலையைக் குறைக்காதீர்கள். இதற்கு ஆள் அமைய நாளாகும்.