பொதுநோக்கு மண்டபத்தில் 1930ஆம் ஆண்டுப் போர்ப்படம் போடுவது எப்படி

போரை வெறுக்கவைக்கும் படம் என்று உலகம் எந்தப் பட்டியல் போட்டாலும், லூயிஸ் மைல்ஸ்ரோன் 1930இல் எடுத்த ‘ஓல் குவையற் ஒன் த வெஸ்ரேண் ஃப்ரொன்ற்’ அதில் இருக்கும். வாத்தியார் வகுப்பில் பேசிப் பேசி ஏற்றிவிட்டதால் ஒரே வகுப்பு ஜெர்மன் பெடியள் முதலாம் உலகப்போரில் படையில் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராகச் சாகிற கதை. கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ இதைப் போடுவதென்றால், சினிமாக் கழகங்களின் வழக்கமான முறை சரிவராது. இங்கே கதிரையில் இருப்பவர்களுக்குச் செல்லுக்கும் பங்கருக்கும் விளக்கம் தேவையில்லை. அவர்களை அந்தச் சத்தத்திலிருந்து காப்பதுதான் உங்கள் முதல் வேலை, படத்தின் பெருமை பேசுவது அதற்குப் பிறகு.

எந்தப் பிரதி

133 நிமிடப் பிரதியைத் தேடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் செப்பனிட்டது அது. பின்னாளைய மறுவெளியீடுகளுக்காக வெட்டிய குறுகிய பிரதிகளும் உலாவுகின்றன. அவற்றில் படம் ஓடும், ஆனால் பாத்திரங்கள் திடீரெனக் காணாமற்போவார்கள். கோப்பைத் திறந்ததும் நேரத்தைப் பாருங்கள்: இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் வேறு பிரதி தேடவேண்டும். அமெரிக்காவில் இப்படத்தின் பதிப்புரிமை 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. இதே கதையை வைத்து 2022இல் ஜெர்மன் மொழியில் வந்த படத்துக்கு உரிமை இருக்கிறது, இரண்டையும் குழப்பக்கூடாது.

திரையும் வெளிச்சமும்

அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்டச் சதுரம். அகலம் உயரத்தின் 1.2 மடங்குதான். ஆகவே பாடசாலை அலுமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய 4:3 புரொஜெக்டர், புது அகலத்திரைப் புரொஜெக்டரைவிட இதற்கு வாசி. அகலத்திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக வீணாகும். அதை நிரப்பப்போய் யாராவது படத்தை இழுத்துவிட்டால் முகங்கள் எல்லாம் பூசணிக்காயாகும். ஒரு முகத்தை நிறுத்திப் பாருங்கள். கன்னம் வீங்கியிருந்தால் அமைப்பு பிழை.

புரொஜெக்டரின் வெளிச்ச அளவு 3,000 லுமன் போதும், இருட்டு முழுதாக இருந்தால். வன்னி மண்டபங்கள் பலதில் பக்கச்சுவர் இடுப்பளவுதான், அதனால் 6.45க்கு முன் தொடங்கவேண்டாம். இரட்டைக் கட்டில் வெள்ளைப் பெட்சீற் ஒன்றைத் தோய்த்து, அரைகுறை ஈரத்தில் இஸ்திரிக்கை போட்டு, மேலும் கீழும் மூங்கில் கழி கட்டி இழுங்கள். பின்னால் கறுப்புத் துணி ஒன்று தொங்கவேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடுருவிப் படம் வெளிறும். திரையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 1.2 மீற்றர். அதைவிடத் தாழ்ந்தால் முன்வரிசைத் தலைகள் வசனவரியை மறைக்கும். 2.4 மீற்றர் அகலத்துக்குச் சாதாரணப் புரொஜெக்டர் ஏறத்தாழ 3.6 மீற்றர் தள்ளி நிற்கும், அதாவது சனத்தின் நடுவில். ஒரு மேசையும் இரண்டு பொறுப்பான பெடியளும் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போடாதீர்கள். மழை விட்ட இரவு ஈசல் திரண்டு வெளிச்சத்துக்கு வரும், திரை முழுக்க ஊரும். கடைசிக் காட்சியில் ஒரு வண்ணத்துப்பூச்சிதான் எல்லாம். அந்த நேரத்தில் பத்து ஈசல் திரையில் நடந்தால் படத்தின் உயிரே போய்விடும்.

கரண்ட்

புரொஜெக்டர் 300 வாற், அம்பிளிபயர் 200, லப்ரொப் 65. ஒரு கேவிஏ ஜெனரேற்றர் தாங்கும். அதை 20 மீற்றர் தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள். சத்தமும் புகையும் மண்டபத்துக்குள் வரக்கூடாது. கரண்ட் நின்றால் பழைய பல்ப் புரொஜெக்டரின் காற்றாடியும் நின்றுவிடும், சூட்டில் பல்ப் வெடிக்கலாம். சிறிய யூபிஎஸ் ஒன்று இடையில் இருந்தால் குளிர்வதற்கு நேரம் கிடைக்கும்.

சத்தம்

இதில்தான் பெரிய பிழை நடக்கிறது. பாஸ் பெட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். 1930இன் ஒலிப்பதிவில் கீழ்ச்சத்தம் அவ்வளவு இல்லை. இன்றைய பெட்டி இல்லாத அதிர்வைக் கூட்டிக்கொடுக்கும், அந்த அதிர்வுதான் நெஞ்சில் அடிப்பது. இரண்டு ஸ்பீக்கரைக் காது உயரத்தில் வைத்து, பேச்சுத் தெளிவாகக் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். செல் விழும் இடங்களை முதல்நாளே பார்த்து, நிமிடமும் செக்கனும் தாளில் குறித்து, ஒருவர் ஒலிக் குமிழில் கையோடு இருக்கவேண்டும். பங்கருக்குள் காத்திருக்கிற நீண்ட காட்சியில் மண் கொட்டுகிறது, ஒரு பெடியன் நிலைதடுமாறி வெளியே ஓடுகிறான். அங்கே சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் காட்சிக்குக் குறையில்லை.

தொடங்குமுன் மைக்கில் நேராகச் சொல்லுங்கள்: செல் சத்தம் இருக்கு, காயம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, எழும்பிப் போகலாம், திரும்பி வரலாம், ஒருவரும் கேட்கமாட்டினம். பக்கவாசல் திறந்திருக்கட்டும், வெளியே ஒரு வாங்கும் தேத்தண்ணியும். 16 வயதுக்குக் கீழே வேண்டாம். மே நடுப்பகுதி, நவம்பர் கடைசி வாரம் போன்ற நினைவு நாட்களைத் தவிருங்கள்.

தமிழ் வசனவரி

முழு வசனத்தையும் மொழிபெயர்க்காதீர்கள். வரிக்கு முப்பது எழுத்து, இரண்டு வரி, குறைந்தது நாலு செக்கன். கோப்பை யூனிகோட்டில் (யூரிஎஃப்-8) சேமிக்காவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாக வரும். பழைய பிளேயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ‘போர்’, ‘கொடு’ என்ற இரண்டு சொல்லை மட்டும் போட்டுச் சோதியுங்கள், பிழைத்தால் வசனத்தைப் படத்தோடு பதித்துவிடுங்கள்.

சொற்களை ஊர்ச் சொல்லாகவே வையுங்கள்: செல், பங்கர், முன்னரங்கு. ‘குண்டுவீச்சு எறிகணை’ என்று அகராதித் தமிழ் போட்டால் சிரிப்பு வரும். தலைப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எரிக் மரியா ரெமார்க்கின் 1929ஆம் ஆண்டு ஜெர்மன் நாவலின் பெயர் ‘மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை’ என்றுதான் பொருள்படும். நாவலில் ‘போல்’ என்ற பெயருடைய கதாநாயகன் சாகிற நாளின் இராணுவ அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘எல்லாம் அமைதி’யைவிட இது கூர்மை. எங்கள் பரிந்துரை ‘முன்னரங்கில் புதிதாக ஒன்றுமில்லை’.

இரண்டு இரவாகப் பிரிப்பது

ஒரே இருப்பில் போட்டால், பேச்சோடு சேர்த்து ஒன்பதரை தாண்டும். மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்து உள்றோட்டுகளில் அந்த நேரத்தில் யானை நிற்கும், சனம் பாதியில் எழும்பும். முதல் இரவைச் சப்பாத்தோடு முடியுங்கள். கெமரிக் என்ற பெடியன் ஆஸ்பத்திரியில் சாகிறான், அவனுடைய நல்ல தோல் சப்பாத்து கூட்டாளிக்குப் போகிறது. அவனும் விழ, இன்னொருவனுக்குப் போகிறது. நடக்கிற கால்களையும் சப்பாத்தையும் மட்டும் காட்டியே ஆட்கள் குறைவதைச் சொல்லிவிடுகிறார் மைல்ஸ்ரோன். அதற்கு முன்னால் சமையற்காரன் 150 பேருக்குச் சமைத்துவைத்திருக்க 80 பேர் மட்டும் சாப்பிட வருகிற காட்சியையும் கவனிக்கச் சொல்லுங்கள். அன்றைய பேச்சுக்கு இந்த இரண்டும் போதும்.

இரண்டாம் இரவின் நடு, போல் லீவில் வீட்டுக்கு வந்து பழைய வகுப்பறைக்குப் போவது. வாத்தியார் அதே பேச்சைப் புதிய பெடியளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். போல் வாய் திறந்து உள்ளதைச் சொல்ல, வகுப்பு அவனைக் கோழை என்கிறது. சண்டைக் காட்சிகளைத்தான் விமர்சகர்கள் அதிகம் புகழ்ந்திருக்கிறார்கள். அகழிக்கு மேலாகக் கமரா பக்கவாட்டில் ஓட, ஆட்கள் வரிசையாக விழுவது அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனைதான். ஆனால் இங்கே படத்தின் எலும்பு அந்த வகுப்பறை. 2022ஆம் ஆண்டுப் படத்தில் லீவுக் காட்சியே கிடையாது. நாலு ஒஸ்கார் வென்றும், நாவலை விட்டு விலகிவிட்டது என்று ஜெர்மனியில் குறைப்பட்டார்கள்.

பேச்சை நடத்துபவரிடம் இருக்கவேண்டிய தகவல்கள் சில. 1930ஆம் ஆண்டுப் படத்துக்குச் சிறந்த படம், சிறந்த இயக்கம் என இரண்டு ஒஸ்கார். அதே ஆண்டு டிசம்பரில் பேர்லினில் திரையிட்டபோது ஹிட்லர் கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸின் நாசி ஆட்கள் நாற்றக்குண்டு எறிந்து, வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டுக் குழப்பினார்கள். சில நாட்களில் அரசு படத்தையே தடைசெய்தது. போலாக நடித்த லூ ஏயர்ஸ் இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் தூக்கமாட்டேன் என்றார். சில தியேட்டர்கள் அவரது படங்களைப் போட மறுத்தன, பிறகு அவர் மருத்துவப் பிரிவில் பணிசெய்தார். கடைசிக் காட்சியில் போல் சாகும் தறுவாயில் வண்ணத்துப்பூச்சிக்கு நீளும் கை நடிகரின் கையல்ல, இயக்குநருடையது. அந்த முடிவு நாவலிலும் இல்லை.

குறைகளையும் மறைக்காதீர்கள். பேசும்படம் பிறந்த புதிது, சில நடிப்பு நாடகமேடைக் குரலில் இருக்கும். இளையவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

‘என்ன உணர்ந்தீர்கள்’ என்று கேட்டால் மண்டபம் வாயை மூடிவிடும். ‘சப்பாத்து கடைசியில் யாரிடம்?’, ‘வாத்தியார் முதல் தரம் என்ன சொன்னார், இரண்டாம் தரம் என்ன?’ என்று கேளுங்கள். சொந்த வீட்டுக் கதையைத் தோண்டவேண்டாம். தானாக வந்தால் இடைமறிக்கவும் வேண்டாம். கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு கூடாது என்று முதலே சொல்லி, குழுவில் ஒருவர் அதைக் கவனிக்கவேண்டும். ஒரு கமரா உயர்ந்தாலே பேச்சு நின்றுவிடும்.

படம் முடிந்ததும் பாட்டுப் போடவேண்டாம். லைற்றை ஒன்று ஒன்றாக, பின்பக்கமிருந்து போடுங்கள். பிளாஸ்ரிக் கதிரை அடுக்கும் சத்தம் பெரிசு, கடைசி ஆள் கேற்றைத் தாண்டின பிறகு அடுக்கலாம்.