மருத்துவ மாநாட்டுக்கு முன்னாடி ஆராய்ச்சி ரிசல்ட் லீக் ஆகாம பாத்துக்கறது எப்படி

புதுச்சேரில ஜிப்மர் பக்கம் பிஜி பண்ற தம்பி தங்கச்சிங்களுக்கு சொல்றேன், மாநாட்டுக்கு அனுப்பின அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அக்செப்ட் ஆனதும் முதல்ல எம்பார்கோ, அதாவது ரிசல்ட்ட வெளிய சொல்லக்கூடாதுங்கற கெடு, எப்போ முடியுது, எந்த ஊர் நேரம்னு பாருங்க, ஜூன்ல நியூயார்க் காலை 8 மணின்னா நமக்கு சாயங்காலம் 5.30. டிரைவ் லிங்க்க யாரு வேணா திறக்கறமாதிரி விடாதீங்க, பேர் பேரா குடுத்து டவுன்லோட ஆஃப் பண்ணுங்க. போஸ்டர் பிரிண்ட் போடற கடைல ஃபைல் டெஸ்க்டாப்லயே கிடக்கும், பக்கத்துல நின்னு ரீசைக்கிள் பின் வரைக்கும் அழிக்க வெச்சுட்டு வாங்க. எங்க டீம்லயே ஒருத்தர் சர்வைவல் கர்வ் (பேஷண்ட்ஸ் எவ்ளோ நாள் உயிரோட இருந்தாங்கன்னு காட்டற கிராஃப்) ஸ்லைட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட, ராத்திரிக்குள்ள எங்கெங்கயோ போயிடுச்சு, அத நம்பி பேஷண்ட் மருந்த நிறுத்திட்டா யாரு பொறுப்பு? நியூ இங்கிலாண்ட் ஜர்னல்ங்கற அமெரிக்க மருத்துவ இதழ் 1969லயே வேற எங்கயும் வெளிவந்த ரிசல்ட்ட எடுக்க மாட்டோம்னுச்சு, மாநாட்டுல பேசறதுக்கு மட்டும் தடையில்ல. பத்திரிகைக்காரங்க கேட்டா எம்பார்கோ முடியற தேதிய மட்டும் சொல்லுங்க.