அரைக் கிலோ முறுக்கும் ஒரு வாசல் கோலமும்: தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை

தீபாவளிப் பலகாரம் என்றாலே ஐந்து கிலோ மாவு, நள்ளிரவு வரை அடுப்படி, மறுநாள் முதுகுவலி என்றாகிவிட்ட வீடுகள் நிறைய. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் போத்தல் போத்தலாக முறுக்கு விற்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விற்பதற்குச் செய்யவில்லையென்றால் அளவைக் குறைத்து ஆளைக் கூட்டுங்கள். அரைக் கிலோ அரிசி மாவுக்கு 45லிருந்து 50 முறுக்கு வரும். நான்கு பேர் இருந்தால் காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் டின்னில் அடைத்துவிடலாம்.

ஒன்பது மணி என்பதற்குக் காரணம் மழை. அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடியும் மழையுமாகக் கொட்டும். ஆறிக்கொண்டிருக்கும் முறுக்கு அந்த ஈரக்காற்றில் அரைமணி நேரம் கிடந்தாலே நமத்துவிடும்.

வேலையைப் பிரிப்பதில் கண்டிப்பாக இருக்கவேண்டிய ஒரு விதி: பிழிகிறவர் பொரிக்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் அச்சில் மாவு நிரப்பும் நேரத்தில் எண்ணெய் காய்ந்து புகைகிறது; அடுத்த ஈடு கருகிவிடுகிறது. ஒருவர் மாவு பிசைந்து அச்சில் நிரப்பட்டும், ஒருவர் பிழியட்டும், ஒருவர் அடுப்பைவிட்டு நகராமல் நிற்கட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அடுப்படியில் வேலையே வேண்டாம். அவர்களுக்கு ஹாலில் கோலம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

மாவு

கடை அலமாரியில் அரிசி மாவும் புலுட் மாவும் (ஒட்டும் அரிசி மாவு) ஒரே அளவுப் பொட்டலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எழுத்தைப் பார்த்து எடுங்கள். தெப்புங் பெராஸ், அதாவது சாதா அரிசி மாவு வேண்டும். தெப்புங் புலுட் கூடாது. புலுட் மாவில் பிழிந்தால் எண்ணெயில் உப்பிக்கொண்டு, உள்ளே சவசவ என்று இருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

அரிசி மாவு 500 கிராமுக்கு உளுந்து மாவு 125 கிராம். நாலுக்கு ஒன்று என்ற பழைய கணக்குதான். உளுந்து மாவைக் கடையில் வாங்கலாம், ஆனால் வறுத்து அரைத்த மாவின் வாசனை அதில் வராது. 140 கிராம் வெள்ளை உளுந்தைச் சிறுதீயில் எட்டுப் பத்து நிமிடம் வறுங்கள். வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். நிறம் மாறும்வரை விட்டால் முறுக்கு பொரிவதற்கு முன்பே சிவந்து தெரியும். நன்றாக ஆறியபின் மிக்ஸியில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். சலிப்பதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஒரு சின்ன உளுந்துக் குருணை போதும், முள்ளு அச்சின் ஓட்டையை அடைத்து இழையை அறுத்துவிட.

இரண்டு மாவையும் கலந்து, உப்பு 2 தேக்கரண்டி, பெருங்காயத் தூள் அரைத் தேக்கரண்டி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிய ஓமம் 1 தேக்கரண்டி, வெள்ளை எள் 1 மேசைக்கரண்டி சேருங்கள். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி போதும். சீரகம் போட ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் நுணுக்கிப் போடட்டும். முழுச் சீரகமும் ஓட்டையை அடைக்கும்.

வெண்ணெயில்தான் பாதி வீடுகளில் தவறு நடக்கிறது. இந்த அளவுக்கு 50 கிராம் போதும். உருக்காமல், அறை வெப்பத்தில் இளகியதை மாவில் போட்டு விரல் நுனியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். வெண்ணெய் குறைந்தால் முறுக்கு பல்லைப் பதம் பார்க்கும். கூடினால் எண்ணெயில் விழுந்தவுடன் இழை இழையாகப் பிரிந்து கரையும், எண்ணெய் முழுவதும் நுரை கட்டும்.

நம் ஊர் வழக்கப்படி தேங்காய்ப் பால் ஊற்றிப் பிசைவதானால் வெண்ணெயை 20 கிராமாகக் குறையுங்கள். 200 மி.லி. பெட்டிப் பாலிலேயே கொழுப்பு நிறைய இருக்கிறது. ஆனால் பாலின் இனிப்பால் முறுக்கு சீக்கிரம் சிவக்கும், அதனால் தீயைச் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும். நெடுநாள் வைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் தண்ணீரில் பிசைந்ததே நல்லது. தேங்காய்ப் பால் முறுக்கில் சிக்கு வாடை முந்தி வரும்.

தண்ணீர் மொத்தம் 350லிருந்து 400 மி.லி. வரை பிடிக்கும். தேங்காய்ப் பால் சேர்த்தால் அதையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள். மாவுக்கு மாவு மாறும் என்பதால் ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். முழு மாவையும் ஒன்றாகப் பிசைந்து வைத்தால் பிற்பாதி காய்ந்து, முறுக்கு சிவந்து எண்ணெய் குடிக்கும். பாதியைப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள். அது முடியும் தறுவாயில் மறுபாதியைப் பிசையலாம்.

பிழிதல், பொரித்தல்

அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, மாவை உருளையாக உருட்டி, நடுவில் காற்று இல்லாமல் உள்ளே இறக்குங்கள். துண்டு துண்டாகத் திணித்தால் இடையில் காற்று சிக்கும். காற்று இருந்த இடத்தில் இழை அறுந்துபோகும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய வாழையிலையிலோ பேக்கிங் தாளிலோ மூன்று சுற்றுப் பிழிந்து, இழையின் கடைசி நுனியைப் பக்கத்துச் சுற்றோடு லேசாக அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டாத நுனி எண்ணெயில் அவிழ்ந்துவிடும்.

பிழியும்போது இழை முள் முள்ளாக, ஓரம் சிதறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஓரம் வெடித்து வெடித்து வந்தால் மாவு இறுகியிருக்கிறது. ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் போதும். முள்ளே தெரியாமல் மழுங்கி வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அதற்கு இன்னும் பிசையாத மறுபாதி மாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துச் சேர்க்கலாம். இரண்டாகப் பிரித்து வைத்ததில் இது இன்னொரு லாபம்.

குவாலியில் (வாணலியில்) எண்ணெய் இரண்டு அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். 1 கிலோ பொட்டலம் சரியாக இருக்கும். சூடு 170லிருந்து 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் விழுந்து, இரண்டு எண்ணுவதற்குள் மேலே வந்தால் சரி. விழாமலே மேலே நின்று சிவந்தால் சூடு அதிகம். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை, அந்த எண்ணெயில் போட்டது அத்தனையும் எண்ணெயைக் குடித்துக்கொண்டு சொதசொதவென்று வரும்.

ஒரு ஈட்டுக்கு நான்கு முறுக்குக்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டு எட்டுப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். போட்டதும் பெரிய குமிழிகளாகப் பொங்கும். மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதுதான் அது. ஒரு நிமிடம் கழித்துத் திருப்புங்கள். சலசலப்பு குறைந்து, குமிழிகள் சிறுத்து, கிட்டத்தட்ட அடங்கும்போது எடுத்துவிட வேண்டும். நாலைந்து நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தைவிடக் காதை நம்புவதே மேல். நிறத்தைப் பார்த்து எடுப்பவர்கள்தான், உள்ளே ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட்டு மறுநாள் நமத்துப்போனது என்று புலம்புவார்கள். எடுக்கும்போது பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னால் இருக்கட்டும். வெளியே எடுத்த பிறகும் கொஞ்சம் சிவக்கும்.

முதல் ஈட்டில் ஒன்றை ஆறவைத்துப் பாட்டியிடம் கொடுங்கள். "உப்பு பத்தல" என்றால் மீதி மாவில் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

ஜல்லிக்கரண்டியில் எண்ணெய் வடித்து, கம்பித் தட்டில் பரப்புங்கள். டிஷ்யூ தாளில் அடுக்கினால் அடியில் ஆவி தங்கி ஈரமாகும். முக்கால் மணி நேரத்தில் முழுக்க ஆறிவிடும். கையில் துளிச் சூடு தெரிந்தாலும் அடைக்காதீர்கள். சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் போத்தலில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். திறந்த போத்தல் நமத்துப்போனால் 120 டிகிரி அவனில் பத்து நிமிடமோ, ஏர் ஃபிரையரில் ஐந்து நிமிடமோ வைத்து, ஆறியபின் மறுபடி அடையுங்கள்.

ஹாலில் கோலம்

அங்காடி மண்டபங்களில் பார்க்கும் வண்ண அரிசிக் கோலம்தான். ஒரு மீட்டர் அகல வட்டத்துக்கு 2 கிலோ அரிசி பிடிக்கும். சமையலுக்கு உதவாத பழைய அரிசியோ குருணையோ எடுங்கள், நல்ல அரிசியை வீணாக்க வேண்டாம். அரை அரைக் கிலோவாக மூன்று நிறம், மீதி அரைக் கிலோ வெள்ளை. உப்பில் சாயம் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்த ஊர்க் காற்றில் உப்பு ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும்.

சாயம் ஏற்றுவதை முந்தின நாள் இரவே முடியுங்கள். அரைக் கிலோ அரிசியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, உணவுச் சாயம் ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி ஊற்றி, வாயைக் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு அடிதடியே நடக்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் அரிசி ஊறி ஒட்டும், நாலாம் நாள் பூசணம் வைக்கும். பழைய நாளிதழில் மெல்லப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுவதும் விட்டால் காலையில் கையில் ஒட்டாது.

கொண்டோ அடுக்குமாடியின் பொது நடைபாதையில் போட்டால் வழியை அடைக்கிறது என்று நிர்வாகம் முறையிடலாம். அவசரத்துக்கு ஓடும் வழியும் அதுதான். வாசலுக்கு உட்புறம் போடுங்கள், அல்லது நாலடி பிளைவுட் பலகையில் போட்டு வையுங்கள். பலகையென்றால் தூக்கி ஓரமாக வைக்கலாம், பூனை உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி. நடுவில் ஓர் ஆணியோ விரலோ வைத்து, நூலில் கட்டிய சாக்கட்டியால் வட்டங்கள் இழுத்து, எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வெளியிலிருந்து தொடங்கினால் முழங்கையே கோலத்தைக் கலைத்துவிடும். காகிதக் கூம்பின் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் கோடு இழுக்க வசதி. நிறம் நிறத்தில் சிதறினால் காய்ந்த ஓவியத் தூரிகையால் ஒதுக்குங்கள், வாயால் ஊதவேண்டாம். விளக்கைக் கோலத்துக்கு வெளியே, தட்டில் வையுங்கள். சிந்திய எண்ணெய் பட்ட அரிசியைக் கூட்டி எறியத்தான் வேண்டும்.

தீபாவளி முடிந்ததும் நிறம் நிறமாக அட்டையால் வாரி, பொட்டலத்தோடு வரும் ஈரம் உறிஞ்சும் பையுடன் போத்தலில் அடைத்தால் பொங்கலுக்கும் ஆகும். சமைப்பதற்கு உதவாது, புறாவுக்கும் போடக்கூடாது. முறுக்குச் சுட்ட எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, ஒரு வாரத்துக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மிஞ்சிக் கறுத்ததைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். போத்தலில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.