கண்ணகியின் வெறுங்காலில் இருந்து தொடங்குங்கள்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி வாய் திறந்து பேசுவதற்கு முன்பே இளங்கோவடிகள் அவள் காலைக் காட்டிவிடுகிறார். கோவலன் மாதவியிடம் போய்விட்டான். அதற்குப் பிறகு வரும் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய' என்று ஒரு வரி இருக்கிறது, அதாவது சிலம்பு இல்லாத கால். பள்ளியில் படித்தபோது இந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. சிலம்பு என்றால் கற்பின் சின்னம், கண்ணகி என்றால் பொறுமையின் வடிவம் என்று எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். பழைய கதையையோ படத்தையோ படிக்கும்போது நாம் செய்யும் முதல் தப்பு இதுதான்: அர்த்தத்தை முதலிலேயே ஒட்டிவிடுகிறோம், அப்புறம் கதை என்ன சொன்னாலும் காதில் விழுவதில்லை.

சிவப்பு என்றால் கோபம், கண்ணாடி என்றால் அகங்காரம், தாமரை என்றால் தூய்மை என்று அகராதி வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கதை முழுக்க அதன் பின்னாலேயே போங்கள். அது யார் கையில் இருக்கிறது, எப்போது கை மாறுகிறது, கை மாறுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால் போதும்.

சிலம்பையே பார்ப்போம். பிரிவில் காலில் இல்லை. கோவலன் செல்வத்தை எல்லாம் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு திரும்பி வரும்போது, அவள் சிரித்த முகத்தோடு 'சிலம்புள கொண்ம்' என்கிறாள், சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மதுரையில் ஒன்று அவனோடு விற்பனைக்குப் போகிறது, மற்றொன்று அவளிடம் தங்குகிறது. அந்த ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக்கொண்டுதான் அரசவைக்குள் நுழைகிறாள். அங்கே அவள் சொல்வது என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்பதுதான். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவள் உடைக்கிறாள், 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.' காலில் அணிந்த நகை, கணவனைக் காப்பாற்ற நீட்டிய பொருள், கடைசியில் ஓர் அரசனுக்கு எதிரான சாட்சி. இத்தனை வேலை செய்த பொருளுக்கு ஒற்றைச் சொல்லில் அர்த்தம் எழுத முடியுமா?

அடுத்தது பெண் பாத்திரம். இங்கே என் வழக்கம் ரொம்ப எளிது: அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் பெயரடைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு வினைச்சொற்களை மட்டும் எழுதுவேன். என்ன செய்தாள், என்ன கேட்டாள், எதை மறுத்தாள். குறிப்பாக எதை மறுத்தாள். கனாத்திறம் உரைத்த காதையில் அவள் தோழி தேவந்தி, கடற்கரைப் பொய்கைகளில் நீராடி காமவேளைத் தொழுதால் கணவனோடு சேரலாம் என்கிறாள். கண்ணகியின் பதில் 'பீடன்று', அது பெருமை இல்லை, அவ்வளவுதான். கொலைக்களக் காதையில், கணவன் கடைசியாகச் சாப்பிட்டு முடித்த பிறகு, நீங்கள் சான்றோர் போற்றாத ஒழுக்கத்தைச் செய்தீர்கள் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இவற்றைப் பட்டியலில் போட்டுப் பாருங்கள், 'தேரா மன்னா' என்று அரசனைக் கூப்பிட்டவள் திடீரென்று முளைக்கவில்லை என்பது தெரியும். அவள் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தாள், நாம்தான் பொறுமை என்ற சொல்லால் மூடி வைத்திருந்தோம்.

இன்னொன்று, பழைய கதைகள் பெண்களை இரண்டு இரண்டாக நிறுத்தும்: மனைவி, மற்றவள். உடனே நல்லவள், கெட்டவள் என்று பிரித்துவிடாதீர்கள். மாதவி தாழை மடலில் எழுதி அனுப்பும் கடிதத்தைக் கோவலன் வாங்க மறுக்கிறான். கோசிகன் என்ற அந்தணன் வழியாக அவள் இரண்டாவது கடிதமும் அனுப்புகிறாள், அதைப் படித்த பிறகுதான் அவள்மேல் தப்பு இல்லை என்பது அவனுக்கே உறைக்கிறது. இரண்டு பெண்களையும் எதிரெதிராக நிறுத்தியதால் கதைக்குள் யாருக்கு வசதி என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சினிமாவுக்கு வந்தால் கூடுதலாக ஒரு கேள்வி வேண்டும்: இப்போது நாம் யார் கண்ணால் பார்க்கிறோம்? சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) தொடக்கத்தில் பெரிய வீட்டுக்குள் தனியாக இருக்கும் சாரு, கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். அப்புறம் அவள் கணவன் புத்தகத்தில் மூழ்கியபடி பக்கத்திலேயே நடந்து போகிறான், அவளைக் கவனிக்கவே இல்லை. அவள் அதே பைனாகுலரால் அவனையும் பார்க்கிறாள். தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் கருவியால் பக்கத்தில் இருக்கும் கணவனைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஒரு வசனமும் இல்லை. இதைத் தனிமையின் குறியீடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பாதிதான் பிடித்தீர்கள். ஏனென்றால் பார்க்கிறவள் அவள். பின்னால் தோட்டத்து ஊஞ்சலில் இருந்து, ஜன்னலில் குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு கணவனின் தம்பி முறையான அமலின் பக்கம் அந்த பைனாகுலரைத் திருப்பும்போது, அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே அந்தக் கண்ணாடி வழியாகக் கண்டுபிடிக்கிறாள். இப்படிப்பட்ட காட்சிகளை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், எந்தப் பொருள், எந்தப் பார்வை கதையைத் தூக்கிப் போகிறது என்பது தனியாகத் தெரியும்.

ரித்விக் கட்டக்கின் 'மேகே தாக்கா தாரா'வில் (1960) இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த குடும்பத்தை நீதா தன் சம்பளத்தில் தாங்குகிறாள். ஆரம்பத்தில் தெருவில் அவள் செருப்பு வார் அறுகிறது. படம் முடியும்போது வேறொரு பெண்ணின் செருப்பு அறுவதை அவள் அண்ணன் சங்கர் பார்க்கிறான். ஒரு பொருள் முதலிலும் கடைசியிலும் வந்தால் அங்கே நின்றுவிடுங்கள், என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். இங்கே மாறியது ஆள் மட்டும்தான், தெருவும் செருப்பும் மாறவில்லை. நீதாவை வங்கப் பிரிவினையின் உருவம் என்றும் தாய்த்தெய்வத்தின் சாயல் என்றும் சொல்வார்கள், அதற்குப் படத்தில் இடம் உண்டு. ஆனால் அதே நீதா மலைப்பிரதேசத்து மருத்துவமனையில் அண்ணனிடம், நான் வாழத்தான் ஆசைப்பட்டேன் என்று கதறுகிறாள். உங்கள் விளக்கத்தில் அந்தக் கதறலுக்கு இடம் இல்லை என்றால் விளக்கத்தை மாற்றுங்கள். குடும்பத்தார் அவளைச் சம்பளமாகப் பார்த்தார்கள், நாம் அவளைச் சின்னமாகப் பார்த்து நிறுத்திக்கொண்டால் அதுவும் அவளுக்குச் செய்யும் அநியாயம்தான்.

எல்லாவற்றிலும் குறியீடு தேட வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால் அந்தப் பொருளைக் காட்சியிலிருந்து மனதுக்குள் எடுத்துப் பாருங்கள். காட்சி அப்படியே நிற்கிறதா, அது வெறும் பொருள், விட்டுவிடலாம்.

கடைசியாக, நீங்கள் படிப்பது எந்த வடிவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை 1697இல் பிரெஞ்சில் பெரோ எழுதியபோது ஓநாய் அவளைத் தின்றதோடு கதை முடிந்தது, காப்பாற்ற வரும் வேட்டைக்காரன் 1812இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில்தான் வருகிறான். அதே சகோதரர்களின் முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய், 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தை யாரோ ஒருவர் பேனாவால் தீர்த்திருக்கிறார். அப்படித் தீர்த்த இடங்களில்தான் அந்தந்தக் காலம் பெண்ணிடம் எதை எதிர்பார்த்தது என்பது தெரியும்.

அகலிகையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை, யார் கண்ணுக்கும் தெரியாமல் காற்றை உண்டு சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள், அது தண்டனை. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையில், இராமனால் உயிர்பெற்று எழுந்தவள், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். மூன்றையும் ஒரே வாரத்தில் படியுங்கள். முதல் கதையில் இல்லாத கல், இரண்டாவதில் யார் கொடுத்தது, மூன்றாவதில் அதை யார் எடுத்துக்கொண்டது என்று மட்டும் தாளில் எழுதுங்கள்.